அபாய மணியும் கையில் உள்ள நிமிடங்களும்

அரசு அலுவலகம் ஒன்றில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தப்பிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்கள் அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கச் செய்வதே அவசர எச்சரிக்கை அமைப்பின் வேலை. சுவரில் தொங்கும் சிவப்பு மணியைத்தான் பலரும் எச்சரிக்கை அமைப்பு என்று எண்ணுகிறார்கள். ஆனால் மணி அதில் ஓர் உறுப்பு மட்டுமே. கூரையில் பொருத்திய புகை உணரி, அதிலிருந்து ஓடும் கம்பி, காவலர் அறையில் உள்ள கட்டுப்பாட்டுப் பலகம், ஒலிபெருக்கிகள், தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் தகவல், கடைசியாக அந்த ஒலியைக் கேட்டு எழுந்து நடக்க வேண்டிய மனிதர் என எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அமைப்பு. இவற்றில் எந்த ஒன்று தவறினாலும் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை.

2012-ஆம் ஆண்டில் இந்தியாவில் இரண்டு அரசுக் கட்டடங்கள் எரிந்தன. முதலாவது, சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் உள்ள கலச மகால். ஆற்காடு நவாபுக்காக 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அரண்மனையில் பின்னாளில் அரசு அலுவலகங்கள் இயங்கிவந்தன. ஜனவரியில், பொங்கல் விடுமுறையின் நள்ளிரவில், ஊழியர் எவரும் இல்லாத நேரத்தில் அது பற்றிக்கொண்டது. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிரிழந்தார்; மற்றவர்கள் காயமடைந்தார்கள். இரண்டாவது, மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மும்பை மந்திராலயா. ஜூன் 21 அன்று பிற்பகலில், அலுவலகம் நிறைந்திருந்த நேரத்தில், நான்காம் தளத்தில் தொடங்கிய தீ மேல்தளங்களுக்கு ஏறியது. 5 பேர் இறந்தார்கள். ஓர் எச்சரிக்கை அமைப்பு செய்ய வேண்டிய இரு வேறு வேலைகளையும் இந்த இரண்டு தீவிபத்துகள் காட்டுகின்றன. ஆளில்லாத கட்டடத்தில் அது வெளியே இருப்பவர்களை அழைக்க வேண்டும். ஆள் நிறைந்த கட்டடத்தில் உள்ளே இருப்பவர்களைக் கிளப்ப வேண்டும். முதல் வேலைக்கு நல்ல கருவி போதும். இரண்டாவதற்குக் கருவி மட்டும் போதாது.

தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் இரண்டு கால அளவுகளை எதிரெதிரே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று, புகையும் வெப்பமும் நச்சு வாயுவும் சேர்ந்து ஒரு வழியை மனிதர் கடக்க முடியாததாக ஆக்கும்வரை உள்ள நேரம். மற்றது, எல்லோரும் வெளியேறுவதற்குத் தேவைப்படும் நேரம். முதலாவது இரண்டாவதை விடப் பெரிதாக இருந்தால்தான் உயிர் தப்பும். தீயின் வேகத்தைக் கணிக்க அவர்கள் கையாளும் எளிய விதி, வெப்ப வெளியீடு காலத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது என்பது. நடுத்தர வேகத் தீ என்று வகைப்படுத்தப்படுவது ஏறத்தாழ 5 நிமிடத்தில் 1 மெகாவாட்டை எட்டும். தடுப்பார் இல்லாவிட்டால் 10-ஆம் நிமிடத்தில் அது 2 மெகாவாட் ஆவதில்லை, 4 மெகாவாட் ஆகிவிடும். நுரைமெத்தை, பிளாஸ்டிக் போன்றவை பற்றினால் அந்த முதல் மெகாவாட்டுக்கு இரண்டரை நிமிடமே போதும். தொடக்கத்தில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் வட்டி கூடுதல்.

வெளியேறத் தேவைப்படும் நேரத்தை நான்கு துண்டுகளாகப் பிரிக்கலாம்: தீ இருப்பது கண்டுபிடிக்கப்படும் நேரம், அது எச்சரிக்கையாக மாறும் நேரம், எச்சரிக்கையைக் கேட்டவர் எழுந்து நடக்கத் தொடங்கும் நேரம், நடந்து வெளியே சேரும் நேரம். கட்டடச் சட்டங்கள் கடைசித் துண்டின் மீது அதிகக் கவனம் வைத்திருக்கின்றன. படிக்கட்டின் அகலம், கதவு திறக்கும் திசை, வெளியேறும் வழியின் தூரம் எல்லாம் அதற்காகத்தான். ஆனால் உயிர்களைக் காவு வாங்குவது பெரும்பாலும் மூன்றாவது துண்டு. மணி ஒலித்த பிறகும் மனிதர் உட்கார்ந்தே இருக்கும் நேரம் அது.

கண்டுபிடிப்பிலிருந்து தொடங்கலாம். கட்டடத்தில் புகையை முதலில் அறிய வேண்டியது கூரையில் பதிந்திருக்கும் தட்டு வடிவக் கருவி. இதன் வரலாறு 1930-களில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சு வாயுவை உணரும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவை அது கண்டுகொள்ளவில்லை. அவர் சிகரெட் பற்றவைத்தபோது கருவியின் முள் அசைந்தது. அதே நாட்டைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மைலி அந்தத் தத்துவத்தை வளர்த்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அயனி அறைக் கருவி என்று அழைக்கப்படும் இந்த வகையில் மிகச் சிறு அளவு அமெரிசியம்-241 இருக்கும். அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள காற்றை அயனியாக்குவதால் நுண்ணிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகைத் துகள்கள் உள்ளே நுழைந்ததும் அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்ள, மின்னோட்டம் குறைகிறது; கருவி குரல் கொடுக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயின் மிக நுண்ணிய துகள்களை இது சட்டென்று உணரும்.

இன்னொரு வகை ஒளியால் இயங்குகிறது. கருவிக்குள் கறுப்பு நிறச் சிற்றறை ஒன்று உண்டு. ஒரு மூலையிலிருந்து அகச்சிவப்பு ஒளி பாயும். அது நேராகப் படாத கோணத்தில் ஒளி உணரி இருக்கும். காற்று தெளிவாக இருக்கும்வரை உணரிக்கு இருட்டுதான். புகை நுழைந்தால் துகள்களில் பட்டு ஒளி சிதறி உணரியின் மீது விழுகிறது. ஒப்பளவில் பருத்த புகைத்துகள்களை, அதாவது கொழுந்து விடாமல் புகைந்து கனலும் தீயை, இந்த வகைதான் சீக்கிரம் பிடிக்கிறது. அரசு அலுவலகங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பதிவறையில் நாடா போட்டு இறுக்கிக் கட்டிய கோப்புகள் உடனே கொழுந்து விடுவதில்லை. தாள்களுக்கு இடையே காற்று போதாமல் விளிம்பிலிருந்து உள்நோக்கி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். ஒரு சுவிட்சுப் பெட்டியின் மின்கசிவிலிருந்து அந்தக் கட்டுக்குத் தாவிய பொறி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் புகைந்துகொண்டிருந்து நடுராத்திரியில் அலமாரி முழுவதையும் பற்ற வைக்கலாம். கனலும் அந்த நீண்ட நேரத்திலேயே புகையைப் பிடிக்கும் கருவி அங்கே இருந்தால் ஒரு வாளித் தண்ணீரோடு விஷயம் முடிந்துவிடும்.

எல்லா இடத்துக்கும் புகை உணரி பொருந்தாது. உணவகத்தின் அடுப்படியில் வைத்தால் தினமும் தாளிக்கும்போது அலறும். அங்கே வெப்ப உணரி வைக்கிறார்கள். ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸை எட்டினால் இயங்குவது ஒரு வகை. வெப்பம் நிமிடத்துக்கு 8 டிகிரிக்கு மேல் ஏறினால் இயங்குவது இன்னொரு வகை.

பழைய அரண்மனைகளிலும் ஆங்கிலேயர் காலக் கட்டடங்களிலும் இயங்கும் அலுவலகங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் கூரை மிக உயரம். சூடான புகை மேலே ஏறும்போது சுற்றியுள்ள காற்றைக் கலந்துகொண்டே போகும். ஏற ஏறச் சூடு குறையும். கோடைப் பிற்பகலில் கூரையை ஒட்டிய காற்று வெயிலால் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும். அந்தக் காற்றை விடக் குளிர்ந்துவிட்ட மெல்லிய புகைக்கு அதற்கு மேல் ஏற வலுவில்லை. பாதி உயரத்திலேயே பாய் விரித்தாற்போல் படர்ந்து நின்றுவிடும். கூரையில் உள்ள உணரிக்கு எதுவும் தெரியாது. இப்படிப்பட்ட கூடங்களில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, அது மங்குகிறதா என்று பார்க்கும் கருவியைப் பல உயரங்களில் பொருத்துவது பலன் தரும். சர்வர் அறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இதைவிட நுட்பமான முறை ஒன்று உண்டு. கூரை நெடுகத் துளையிட்ட குழாய்களை ஓட்டி, சிறு விசிறியால் அறைக் காற்றை இடைவிடாமல் உறிஞ்சி, லேசர் ஒளியில் சோதிக்கிறார்கள். கண்ணுக்குப் புகை தெரிவதற்கு முன்பே இது சொல்லிவிடும். ஆஸ்திரேலிய அரசின் தொலைபேசி நிலையங்களைத் தீயிலிருந்து காக்க நடந்த ஆராய்ச்சியிலிருந்துதான் இந்த முறை பிறந்தது.

உணரி கண்ட செய்தியைக் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குக் கொண்டுபோவது சாதாரணச் செம்புக் கம்பி. அந்தக் கம்பியே அறுந்திருந்தால்? எலி கடித்தாலும், சுவரில் ஆணி அடித்தவர் துளைத்தாலும் அமைப்பு ஊமையாகிவிடும். தீ வரும்வரை அது யாருக்கும் தெரியாது. இதைத் தடுக்கும் ஏற்பாடு மிக எளிமையானது, மிக அழகானதும்கூட. ஒவ்வொரு கம்பி இணைப்பின் கடைக்கோடியிலும் ஒரு சிறு மின்தடையைப் பொருத்திவிடுகிறார்கள். 24 வோல்ட் மின்னழுத்தத்தில் அதன் வழியாக எப்போதும் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உணரி ஒன்று இயங்கினால் மின்னோட்டம் கூடும். பலகம் அதைத் தீ என்று படிக்கிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுபோகும். பலகம் அதைப் பழுது என்று படித்து மஞ்சள் விளக்கை எரியவிடும். தான் நலமாக இருப்பதை அமைப்பு நொடிக்கு நொடி தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. வீட்டு அழைப்பு மணிக்கும் தீ எச்சரிக்கை மணிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

பழைய அமைப்புகளில் ஒரு தளம் முழுவதும் ஒரே மண்டலம். இரண்டாம் மண்டலத்தின் விளக்கு எரிந்தால் அந்தத் தளத்தின் நாற்பது அறைகளையும் யாராவது ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். புதியவற்றில் ஒவ்வோர் உணரிக்கும் ஒரு முகவரி உண்டு. பலகம் ஒவ்வொன்றையும் வரிசையாக விசாரித்துக்கொண்டே இருக்கும். தீ என்றால் ‘இரண்டாம் தளம், பதிவறை’ என்று திரையில் எழுத்தாகவே வரும். கம்பி பலகத்திலிருந்து புறப்பட்டு வளையமாகச் சுற்றி மறுபடி பலகத்துக்கே வந்து சேர்வதால், நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் இரு முனைகளிலிருந்தும் எல்லா உணரிகளையும் எட்டலாம். தீ உறுதியானதும் பலகம் மணியோடு நிற்பதில்லை. லிஃப்ட்டுகளைத் தரைத்தளத்துக்கு வரவழைத்து நிறுத்தும். புகையைப் பிற அறைகளுக்குப் பரப்பாமல் இருக்கக் குளிரூட்டும் காற்றோட்டத்தை நிறுத்தும். மின்காந்தப் பூட்டுப் போட்ட கதவுகளை விடுவிக்கும். அடையாள அட்டை காட்டினால்தான் திறக்கும் கதவுகள் பெருகிவிட்ட தலைமை அலுவலகங்களில் கடைசியாகச் சொன்னது உயிர்நாடியான ஏற்பாடு.

மின்சாரம் போனாலும் இவையெல்லாம் இயங்க வேண்டும். தீவிபத்தில் முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரம்தானே. அதற்காகப் பலகத்தின் அடியில் மின்கலங்கள் உண்டு. வெளி மின்சாரம் இல்லாமல் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகும் மணியை ஒலிக்க வைக்கும் திறன் அவற்றுக்கு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க, பிரிட்டன் தரநிலைகள் சொல்லும் குறைந்தபட்ச அளவு. இந்தியாவில் தானியங்கித் தீ உணரி அமைப்புகளைத் தேர்ந்தெடுப்பது, நிறுவுவது, பராமரிப்பது பற்றி ஐ.எஸ். 2189 என்ற தரநிலை இருக்கிறது. 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதன் நான்காம் பகுதி முழுவதையும் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்புக்கே ஒதுக்கியிருக்கிறது. விதிகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது ஒலி. எச்சரிக்கை ஒலி கட்டடத்தின் எல்லாப் பகுதியிலும் குறைந்தது 65 டெசிபெல் இருக்க வேண்டும், அல்லது அங்குள்ள இரைச்சலை விட 5 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. டெசிபெல் கணக்கு ஏமாற்றக்கூடியது. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஒரு மூடிய கதவு 20 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும். நடைகூடத்தில் காதைப் பிளக்கும் மணி, கதவைச் சாத்திக்கொண்டு ஏ.சி. ஓடும் அதிகாரியின் அறைக்குள் தொலைபேசி ஒலி அளவுக்குத்தான் கேட்கலாம். மாணவர் விடுதி, அரசு மருத்துவமனை, காவலர் குடியிருப்பு போன்ற உறங்கும் இடங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. வழக்கமான புகை எச்சரிக்கைக் கருவிகள் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலி எழுப்புகின்றன. வயதானவர்களுக்கு முதலில் குறைவது அந்த உயர்ந்த சுருதியைக் கேட்கும் திறன். குழந்தைகளில் பலரோ அந்த ஒலியில் விழிக்காமலே தூங்கிவிடுகிறார்கள். 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி உறங்குபவர்களை மிக நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகள் காட்டியதால், அமெரிக்கத் தரநிலை உறங்கும் இடங்களுக்கு அதையே விதித்துவிட்டது.

எந்த ஒலி என்றால் ‘வெளியேறு’ என்று பொருள் என்பதிலும் உலகப் பொது உடன்பாடு ஒன்று உண்டு. அரை நொடி ஒலி, அரை நொடி அமைதி, இப்படி மூன்று முறை. பிறகு ஒன்றரை நொடி இடைவெளி. ஐ.எஸ்.ஓ. 8201 என்ற தரநிலை வகுத்த இந்தத் தாளம் எந்த மொழி பேசுபவருக்கும் பொது. ஆனால் அது அவசர ஒலி என்று பெரும்பாலான ஊர்களில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காது கேளாதவர்களுக்கு ஒலியால் பயன் இல்லை. மின்னி மின்னி எரியும் வெண்ணிற விளக்குகள் தேவை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூண்டுதலாகிவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்கத் தரநிலையில் அந்த விளக்கு நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் மின்னக் கூடாது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் கழிப்பறைகளிலும் தனி அறைகளிலும் இந்த விளக்கு இல்லாத அரசு அலுவலகங்கள் இருப்பது நியாயப்படுத்த முடியாத குறை. தனியாக இருக்கும் காது கேளாத ஊழியருக்கு வேறு எவ்வழியிலும் செய்தி எட்டாது.

இவ்வளவும் சரியாக அமைந்து மணி ஒலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு நடப்பதுதான் விஷயத்தின் மையம். பிரிட்டனின் நியூகாசில் நகரில் மான்யுமென்ட் என்ற சுரங்க ரயில் நிலையத்தில், கிலென் ப்ரூ, ஜொனாதன் சைம் என்ற ஆய்வாளர்கள் ஐந்து வெளியேற்றச் சோதனைகளை நடத்தி 1991-இல் வெளியிட்டார்கள். ஒரு சோதனையில் மணி மட்டும் ஒலித்தது. பயணிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், வாசித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தார்கள். நிலையம் காலியாக ஏறத்தாழ 15 நிமிடம் ஆயிற்று. இன்னொரு சோதனையில், என்ன நடந்திருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து பயணிகளைப் பார்த்தபடி நேரடியாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 6 நிமிடத்துக்குள் நிலையம் காலியானது. உண்மையைச் சொன்னால் மக்கள் கலவரமடைந்து நெரிசலில் சிக்குவார்கள் என்ற பழைய அச்சத்தை இந்த ஆய்வு உடைத்தது. செய்தி கிடைக்காமல் காத்திருந்து கடைசி நொடியில் ஓடுவதுதான் நெரிசலைக் கொண்டுவருகிறது.

மணி கேட்டும் எழாதவர்கள் முட்டாள்கள் அல்ல. மணி ஒன்று ஒலித்தால் மனித மனம் முதலில் கேட்பது, இது உண்மையா, எனக்கா என்பதைத்தான். அதற்கு விடை தேடிப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது. அவர் எழவில்லை என்றால் இவரும் எழுவதில்லை. அரசு அலுவலகத்தில் இந்தத் தயக்கம் இரட்டிப்பாகிறது. ஊழியர் தம் மேலதிகாரி எழுவதைப் பார்த்து எழுகிறார். மனு கொடுக்க வந்தவரோ காலையிலிருந்து நின்று பிடித்த வரிசையை விட்டு நகரத் துணிவதில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்பவர்களில் பலர் அந்தக் கட்டடத்துக்கே முதன்முறை வந்தவர்கள். வந்த வழியைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மணியை விடப் பேச்சு தேவை.

பேச்சு என்றால் எப்படிப்பட்ட பேச்சு? பேரிடர் எச்சரிக்கைகளை நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டியும் ஜான் சோரன்சனும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல எச்சரிக்கையில் இருக்க வேண்டியவற்றை வகுத்துச் சொன்னார்கள். யார் சொல்கிறார், என்ன ஆபத்து, எங்கே, எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழில் ஓர் அறிவிப்பு இப்படி அமையலாம்: “கவனியுங்கள். கட்டடக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுகிறோம். இரண்டாம் தளத்துப் பதிவறையில் தீப்பிடித்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தளங்களில் இருப்பவர்கள் இப்போதே கிழக்குப் படிக்கட்டு வழியாக இறங்கிக் கொடிக்கம்பத்துக்கு அருகே வந்து நில்லுங்கள். லிஃப்ட்டில் ஏற வேண்டாம்.” இதில் வேண்டாத சொல் ஒன்றும் இல்லை. ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கும் அலுவலக நடை இங்கே உயிரைக் குடிக்கும்.

பேச்சு காதில் விழுவது வேறு, புரிவது வேறு. தளக்கல் பதித்த நீண்ட நடைகூடத்தின் ஒரு முனையில் பெரிய கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி உரக்க ஒலிக்கவிட்டால், சுவர்களில் பட்டு எதிரொலித்து ஒரு சொல் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். சத்தம் மட்டும் மிஞ்சும். பேச்சின் தெளிவை 0 முதல் 1 வரையிலான குறியீட்டால் அளக்கிறார்கள். அவசர அறிவிப்புக்கு ஏறத்தாழ 0.5 வேண்டும். பல சிறு ஒலிபெருக்கிகளைச் சிறிது சிறிது தூரத்தில் வைத்து மிதமான ஒலியில் பேசவிடுவதே அதற்கு வழி.

பேச்சுக்கு மக்கள் அதிகம் கீழ்ப்படிவார்கள் என்பதால் பேசுபவரின் பொறுப்பும் அதிகம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதிய பிறகு, தெற்குக் கோபுரத்தில் இருந்த பலர் தாங்களாகவே இறங்கத் தொடங்கினார்கள். உங்கள் கட்டடம் பாதுகாப்பாக உள்ளது, அலுவலகத்துக்குத் திரும்பலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. சிலர் திரும்பி ஏறினார்கள். தேவைப்பட்டால் வெளியேறலாம் என்ற மறு அறிவிப்பு 9:02-க்கு வந்தது. 9:03-க்கு இரண்டாவது விமானம் தெற்குக் கோபுரத்தில் மோதியது. உயர்ந்த கட்டடத்தில் தீப்பிடித்த தளத்தையும் அதை ஒட்டிய தளங்களையும் மட்டும் முதலில் காலி செய்வது சாதாரணத் தீக்குச் சரியான முறையே. மற்றவர்களை இருக்கச் சொன்ன அந்த வழக்கம், யாரும் எண்ணிப் பார்த்திராத தாக்குதலுக்குப் பொருந்தவில்லை. நிலைமை தெரியாதபோது ‘பாதுகாப்பாக உள்ளது’ என்று சொல்லக் கூடாது என்ற பாடம் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

தீ அல்லாத ஆபத்துகளுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்தியது சவூதி அரேபியாவில் நடந்த மற்றொரு தாக்குதல். 1996 ஜூன் 25 இரவு, அமெரிக்க விமானப்படையினர் தங்கியிருந்த கோபார் டவர்ஸ் குடியிருப்பின் எட்டு மாடிக் கட்டடத்துக்கு வெளியே ஒரு லாரியை நிறுத்திவிட்டு அதிலிருந்தவர்கள் ஓடியதை மாடியில் காவல் நின்றவர்கள் பார்த்தார்கள். நொடியும் தாமதிக்காமல் புரிந்துகொண்டார்கள். ஆனால் கட்டடம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சொல்லக்கூடிய ஏற்பாடு அங்கே இல்லை. மேல்தளத்திலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டு இறங்கினார்கள். சில தளங்களைத் தாண்டுவதற்குள் குண்டு வெடித்தது. 19 பேர் இறந்தார்கள். அந்தக் காவலர்களின் விழிப்பால் பிழைத்தவர்கள் பலர். ஆனாலும் ஒரு பொத்தான் செய்திருக்க வேண்டிய வேலையைக் கால்கள் செய்ய வேண்டியிருந்தது. அதன் விளைவாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கட்டடங்களில் குரல்வழிப் பொது எச்சரிக்கை அமைப்பைக் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. 2010-இல் அந்நாட்டின் தீ எச்சரிக்கைத் தரநிலையிலும் அவசரத் தகவல் தொடர்புக்கென ஒரு தனி இயல் சேர்ந்தது.

இப்போது கட்டடத்தின் சுவருக்கு வெளியிலிருந்தும் எச்சரிக்கை உள்ளே வருகிறது. செல்பேசிக் கோபுரத்திலிருந்து அதன் எல்லைக்குள் உள்ள எல்லாப் பேசிகளுக்கும் ஒரே நொடியில் செய்தி அனுப்பும் முறையை 2023-இல் இந்திய அரசு நாடு முழுவதும் சோதித்தது. பேசிகள் ஒரே நேரத்தில் விநோதமாக அலறியது பலருக்கு நினைவிருக்கும். புயல், வெள்ளம், சுனாமிக்கு இது நல்ல வழி. இதன் வலிமையே இதன் ஆபத்தும்கூட. 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு அமெரிக்காவின் ஹவாய் மாநிலப் பேரிடர் அலுவலகத்திலிருந்து, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பதுங்குங்கள் என்ற செய்தி மாநிலம் முழுவதும் போனது. ஏவுகணை எதுவும் வரவில்லை. அது தவறு என்ற மறுசெய்தி அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று. அனுப்புவதற்கு ஆயத்தமாக வாசகம் இருந்தது, திரும்பப் பெறுவதற்கு இல்லை.

பொய் எச்சரிக்கை ஒரு நாள் குழப்பத்தோடு முடிவதில்லை. மாதம் இருமுறை காரணமில்லாமல் ஒலிக்கும் மணியை மூன்றாம் மாதத்தில் யாரும் மதிப்பதில்லை. நான்காம் மாதத்தில் யாராவது பலகத்தின் ஒலியை நிறுத்திவிடுகிறார்கள். காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஒளி உணரியின் சிற்றறைக்குள் சிலந்தி கூடு கட்டினால் ஒளி சிதறும், கருவி புகை என்று எண்ணும். கோப்புத் தூசி படிந்தாலும் அதேதான். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது உணரியில் சுண்ணாம்பு படாமல் இருக்கப் பிளாஸ்டிக் மூடி போடுவார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்கள். உணரியின் சிறு சிவப்பு விளக்கு வழக்கம்போல் மின்னும், பலகத்தில் எந்தப் பழுதும் தெரியாது, புகை மட்டும் உள்ளே நுழையாது. கம்பியின் நலத்தை அந்தக் கடைக்கோடி மின்தடை காவல் காக்கும். மூடியை அதனால் காண முடியாது. ஏணி போட்டு ஏறி, சோதனைப் புகையை ஒவ்வோர் உணரிக்கும் காட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மின்கலங்களும் அப்படியே. சில ஆண்டுகளில் அவற்றின் கொள்திறன் தேய்ந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் தேயும். புதிய கட்டடத் திறப்பு விழாவில் பளபளக்கும் அமைப்பு, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியான பிறகு யாருடைய பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் நின்றுவிடுவதுண்டு. கட்டடம் ஒரு துறையுடையது, மின்பணி இன்னொரு பிரிவினுடையது, குடியிருக்கும் அலுவலகங்களோ பத்து. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒரே பொறுப்பாளர் இல்லாதவரை எந்தக் கருவியை வாங்கியும் பயனில்லை. அவரிடம் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். எந்த உணரி எப்போது சோதிக்கப்பட்டது, எந்த மின்கலம் எப்போது மாற்றப்பட்டது, ஒத்திகை எப்போது நடந்தது, எல்லோரும் வெளியே வர எத்தனை நிமிடம் ஆனது என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்க வேண்டும். ஒத்திகையில் மேலதிகாரி முதல் ஆளாக எழுந்து இறங்க வேண்டும். அவர் தம் அறையிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், உண்மையான தீயின்போதும் அந்தத் தளத்தில் எவரும் எழமாட்டார்கள்.

இந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, தம் ஊர் ஆட்சியர் அலுவலகத்திலோ அரசு மருத்துவமனையிலோ கடைசியாகத் தீ ஒத்திகை நடந்த தேதியையும், உணரிகள் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும் எந்தக் குடிமகனும் கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்க வேண்டும்.